அடுத்த சண்டைக்கு முன்னால் எழுதிவிடுங்கள்: குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்புக்கு விதிமுறை

இரவு 10.40-க்கு ஒரு போட்டோ வந்தது. வெள்ளைக் காரின் பின்கதவில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். கீழே ஒரே வரி: "சிலருக்கு ஓட்டத் தெரியாவிட்டால் வண்டி வாங்கக் கூடாது." மறுநாள் காலை காபியோடு உட்கார்ந்து பார்த்தால் 214 மெசேஜ். கீறலைப் போட்டது யார் என்ற கேள்வி ஏழாவது மெசேஜிலேயே காணாமல் போயிருந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் ஓனரா வாடகைக்காரரா, மொட்டை மாடியில் யார் துணி எவ்வளவு நேரம் காய்கிறது, போன வருஷம் யார் மெயின்டெனன்ஸ் கட்டவில்லை என்கிற பழைய கணக்குகள். இரண்டு குடும்பங்கள் இன்றுவரை ஒரே லிஃப்டில் ஏறுவதில்லை.

"ரூல்ஸ் போடுங்க சார்" என்று மறுநாள் ஆளாளுக்குச் சொன்னார்கள். அட்மினாக இருந்த பாவத்துக்கு அந்த வேலை என் தலையில் விழுந்தது. சென்னையில் பள்ளிக்கரணைப் பக்கம் 84 வீடுகள் கொண்ட குடியிருப்பு எங்களுடையது. முதல் தடவை இணையத்தில் கிடைத்த 23 விதிகளை அப்படியே தமிழாக்கிப் போட்டேன். ஒருவரும் படிக்கவில்லை. இரண்டாவது தடவை கோபத்தில் எழுதினேன், எல்லோரும் படித்தார்கள், பாதிப் பேர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். மூன்றாவதாக எழுதியதுதான் நிற்கிறது. நீங்கள் புதிதாக அட்மின் ஆகியிருந்தால், அந்த முதல் இரண்டு தடவையைத் தாண்டிக் குதித்துப் போக இது உதவும்.

குழாயடிச் சண்டை என்று நாம் கேலியாகச் சொல்கிறோம். ஆனால் தெருக்குழாயில் எழுதாத ஒரு சட்டம் இருந்தது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்க வீட்டுக்குப் போகலாம், குடம் உங்கள் இடத்தைக் காக்கும். அதை நகர்த்தியவர் பத்துப் பேர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லியாக வேண்டும். வாட்ஸ்அப்பில் அந்த முகம் இல்லை. அதனால்தான் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

முதலில் பழைய சண்டைகளைப் படியுங்கள்

விதி எழுதப் பேனா எடுப்பதற்கு முன்னால் குரூப்பின் கடைசி மூன்று மாத உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து, கணினியில் திறந்து, ஒரு நோட்டோடு உட்காருங்கள். அலுப்பான வேலைதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்விடும். எங்கெல்லாம் பேச்சு சூடாகிறதோ அங்கே நிறுத்தி, அதற்குப் பத்து மெசேஜ் மேலே போய்ப் பாருங்கள். தீ எங்கே பிடித்தது என்று அங்கேதான் தெரியும்.

நான் அப்படிப் பார்த்தபோது எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது வேறு. அரசியல், மதம், சினிமா என்று பயந்துகொண்டிருந்தேன். அவை இருந்தன, ஆனால் குறைவு. பெரும்பாலான சண்டைகள் பார்க்கிங்கிலும் தண்ணீரிலும்தான். அதிலும் பாதிக்கு மேல், கேட்ட கேள்விக்குப் பதில் வராததால் வந்தவை. "மோட்டார் எப்போ போடுவீங்க?" என்று ஒரு அம்மா காலை 7 மணிக்குக் கேட்கிறார். பதில் இல்லை. 7.30-க்கு மறுபடியும். எட்டு மணிக்கு, "இங்கே மனுஷங்க யாரும் இல்லையா?" அதற்கு மட்டும் உடனே பதில் வருகிறது, "கொஞ்சம் மரியாதையா பேசுங்க" என்று!

இந்த அம்மாவுக்கு மரியாதை விதி எழுதிக்கொடுத்து என்ன பயன்? மோட்டார் போடும் நேரம், லாரி தண்ணீர் வரும் நாள், பிளம்பர், எலக்ட்ரீஷியன், லிஃப்ட்காரர் எண்கள் ஆகியவற்றை ஒரே மெசேஜாக எழுதி, குரூப்பின் உச்சியில் நிற்கும்படி 'பின்' (pin) செய்தேன். அந்த வாரமே பேச்சில் காரம் குறைந்தது தெரிந்தது. ஆகவே முதல் வேலை இதுதான்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதிலை எடுத்துக் கண்ணில் படும்படி வையுங்கள். பின் செய்தது அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும், மாதாமாதம் மறுபடி பின் செய்யக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

குட் மார்னிங் மெசேஜைத் தடை செய்யலாமா என்று எல்லா அட்மினும் கேட்பார்கள். எங்கள் குரூப்பில் குட் மார்னிங்கால் ஒரு சண்டைகூட வந்ததில்லை. "குட் மார்னிங் போடாதீர்கள்" என்று சொன்னதால் வந்தவை மூன்று. கண்டுகொள்ளாமல் விடுங்கள்.

குரூப் எதற்கு என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்

இதைச் சொல்ல முடியாவிட்டால் எந்த விதியும் நிற்காது. "நம் குடியிருப்பு பற்றிய பேச்சுக்கு" என்றால் அதில் எல்லாமே அடங்கும். மாடி வீட்டுக் கல்யாணமும் அடங்கும், கவுன்சிலர் தேர்தலும் அடங்கும். நாங்கள் மூன்றாகப் பிரித்தோம். அறிவிப்புக்கு ஒன்று, அதில் அட்மின்கள் மட்டுமே எழுதலாம் (குரூப் செட்டிங்கில் இந்த வசதி 2018 முதலே இருக்கிறது). தண்ணீர், மின்சாரம், பார்க்கிங், பராமரிப்புக்கு இரண்டாவது. அரட்டைக்கு மூன்றாவது, விருப்பமுள்ளவர் சேரலாம். பலகாரம் விற்பவர்கள், ஃபிரிட்ஜ் விற்பவர்கள், ராசிபலன் எல்லாம் அங்கே.

அறிவிப்பு குரூப்பைத் தனியாக வைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, தண்டனை பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

யார் எழுதுவது

தனியாக எழுதாதீர்கள். நான் பட்டு உணர்ந்தது. மூன்று நான்கு பேர் போதும், ஆனால் ஆளைப் பார்த்து எடுங்கள். ஒருவர் வாடகைக்கு இருப்பவராக இருக்க வேண்டும். ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். எங்கள் குரூப்பில் பெரும்பாலும் ஆண்களின் எண்கள்தான் இருந்தன, ஆனால் தண்ணீர் வரவில்லை என்பது முதலில் தெரிவது சமையலறையில். இன்னொருவர், குரூப்பிலேயே அதிகம் சண்டை போடுகிறவர். சிரிக்காதீர்கள். அவர் கையால் எழுதிய விதியை அவரே மீறுவது கஷ்டம். போதாததற்கு, எந்த விதியில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று அவரைவிடச் சரியாகச் சொல்ல ஆள் கிடையாது.

வரைவை ஒரு வாரம் எல்லோர் பார்வைக்கும் வையுங்கள். எலினோர் ஆஸ்ட்ராம் என்ற அமெரிக்க அறிஞர் பொதுச் சொத்துகளை மக்கள் தாங்களே எப்படிக் கட்டிக்காக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர். மேய்ச்சல் நிலம், காடு, பாசன வாய்க்கால், மீன்பிடிக் கடல் என்று பலவற்றைப் பார்த்தார். அதற்காக 2009-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். நீண்ட நாள் நிலைத்த ஊர்களில் அவர் கண்ட பொது அம்சங்களில் இரண்டு நமக்கு நேரடியாக உதவும். விதியால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு அதை மாற்றுவதில் கை இருந்தது. தண்டனை சின்னதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறியது.

நம் ஏரிப்பாசன ஊர்களிலும் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. வயல்களுக்குத் தண்ணீர் திருப்பிவிடுகிறவர் நீர்க்கட்டி. பல ஊர்களில் அந்த ஏரித் தண்ணீரில் விளையும் நிலம் எதுவும் இல்லாதவர்தான் அந்தப் பொறுப்பில் இருப்பார். தன் வயலுக்கு முதலில் பாய்ச்சிவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. (அந்த ஏற்பாட்டில் சாதியும் கலந்திருந்தது, அது தனிக்கதை.) அட்மின் தேர்வில் இதை நினைவில் வையுங்கள். பார்க்கிங் தகராறு நடந்துகொண்டிருக்கும்போது, அதில் ஒரு கட்சியாக இருப்பவரை அட்மின் ஆக்காதீர்கள்.

எழுதும்போது: "கண்ணியம்" என்ற சொல்லை அடித்துவிடுங்கள்

என் முதல் வரைவில் நான்காவது விதி இப்படி இருந்தது: "உறுப்பினர்கள் அனைவரும் கண்ணியத்துடனும் பரஸ்பர மரியாதையுடனும் நடந்துகொள்ள வேண்டும்." படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கீறல் போட்டோ போட்டவரிடம் இதைக் காட்டினேன். "நான் கண்ணியமாகத்தானே சொன்னேன், யார் பெயரையாவது சொன்னேனா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இரண்டாவது வரைவில், "பார்க்கிங் புகார்களைக் குரூப்பில் பதிவிடக் கூடாது" என்று எழுதினேன். அப்போது மறித்து நிற்கும் வண்டியை என்ன செய்வது? ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர் வேலிக்குள் மாட்டிய ஆடு மாதிரி நிற்கிறார், விதி அவரை வாயை மூடச் சொல்கிறது.

மூன்றாவது இது: "வண்டி மறித்து நின்றால் முதலில் செக்யூரிட்டி கேபினுக்குச் சொல்லுங்கள், அவர் உரிமையாளரைக் கூப்பிடுவார். 15 நிமிடத்தில் எடுக்கவில்லை என்றால் வண்டி எண்ணையும் நிற்கும் இடத்தையும் மட்டும் இங்கே போடுங்கள்." இதில் கண்ணியம் என்ற சொல்லே இல்லை. ஆனால் ஒருவர் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், என்ன எழுதலாம் என்பது எல்லாம் இருக்கிறது. மீறினாரா இல்லையா என்று மூன்றாம் ஆள் பார்த்தாலும் தெரியும்.

எந்த விதியை எழுதினாலும் இந்தச் சோதனையை வையுங்கள்: நேற்று நடந்த சண்டையில் இந்த வரி இருந்திருந்தால் யார் என்ன வேறு மாதிரி செய்திருப்பார்? பதில் வரவில்லை என்றால் அந்த வரி அலங்காரம்.

அப்புறம் நீளம். போன் திரையில் ஒரே ஒரு தடவை தள்ளிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். எங்களுடையது ஒன்பது வரி.

தமிழில் கத்துவது எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள்

இணைய நாகரிகத்தை எழுத்தில் வைத்த பழைய ஆவணங்களில் ஒன்று 1995 அக்டோபரில் வந்தது, இன்டெல் நிறுவனத்தின் சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்தது. ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவது போல இருக்கும் என்று அதில் அப்போதே சொல்லியிருக்கிறார்கள். கோபமான பதிலை ஒரு இரவு தள்ளிப்போட்டு அனுப்பச் சொன்னதும் அதில் இருக்கிறது. இந்த இரண்டாவது அறிவுரைக்கு இன்றும் வயதாகவில்லை.

முதலாவது நமக்குப் பொருந்தாது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. நாம் வேறு விதமாகக் கத்துகிறோம். முக்கால்வாசி நேரம் கத்தாமலே கத்துகிறோம்.

சாடைதான் நம் ஆயுதம். "சிலர்", "ஒரு சில ஃபிளாட்காரர்கள்", "யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை" என்று எழுதினால் 84 வீட்டுக்கும் தெரியும் யாரென்று. சம்பந்தப்பட்டவர் மட்டும் வாய் திறக்க முடியாது, திறந்தால் "உங்களைச் சொன்னேனா?" என்று வரும். அடுத்தது, மரியாதையை ஏற்றி அடிப்பது. இவ்வளவு நாள் "அண்ணா" என்று கூப்பிட்டவர் திடீரென்று "மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு" என்று ஆரம்பித்தால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். "ரொம்ப சந்தோஷம்", "மிக்க நன்றி", பின்னால் ஒரு கைகூப்பும் பொம்மை. எந்த அகராதியிலும் இதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. முப்பத்தைந்து வயதுப் பெண்ணை "ஆன்ட்டி" என்று ஒரு பையன் எழுதியதில் எங்களுக்கு ஒரு முழு மாலை போனது.

சாடையை விதி போட்டுத் தடுக்க முடியாது, நான் முயன்று பார்த்துவிட்டேன். "சிலர் என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது" என்று எழுதினால் "பலர்" என்று எழுதுவார்கள். வேலை செய்தது வேறொரு வரி: "விஷயத்தைப் பற்றி என்றால் இங்கே, ஆளைப் பற்றி என்றால் அவரிடம் தனியாக." சாடையாக ஒரு மெசேஜ் வந்தால் அட்மின் அதோடு வாதாட வேண்டாம். "சார், இது ஆளைப் பற்றியா, விஷயத்தைப் பற்றியா?" என்று ஒரே கேள்வி. விஷயம் என்றால் விஷயத்தை எழுதச் சொல்லலாம். ஆள் என்றால் தனியாகப் பேசச் சொல்லலாம். இரண்டுக்கும் நடுவில்தானே சாடை குடியிருக்கிறது.

மொழி, எழுத்து பற்றி விதி வேண்டாம். தமிழ், ஆங்கிலம், இங்கிலீஷ் எழுத்தில் தமிழ், எது வருகிறதோ எழுதட்டும். வாய்ஸ் மெசேஜையும் தடுக்காதீர்கள். என் இரண்டாவது வரைவில் தடுத்திருந்தேன், நாலு நிமிட வாய்ஸ் மெசேஜ்களால் நொந்துபோய். தரைத்தளத்தில் இருந்த ஒரு பாட்டி அத்தோடு குரூப்பில் பேசுவதை நிறுத்திவிட்டார். அவருக்கு டைப் செய்ய வராது. சம்ப்பில் கசிவு என்றால் எங்களுக்கு முன்னால் அவருக்குத்தான் சத்தம் கேட்கும். அந்த மாதம் தண்ணீர் வீணானது தெரியவே எங்களுக்குப் பத்து நாள் ஆனது. இப்போது விதி, ஒரு நிமிடத்துக்குள் பேசி அனுப்பலாம்.

குரூப்பில் இல்லாதவர்கள்

இதை வேறு எந்த விதிப்பட்டியலிலும் நான் பார்க்கவில்லை. எங்களுக்கும் முதலில் தோன்றவில்லை.

ஒரு வீட்டில் செயின் காணவில்லை. அங்கே வேலை செய்யும் அக்காவின் போட்டோ குரூப்பில் வந்தது, "ஜாக்கிரதை, இவரை வேலைக்கு வைக்காதீர்கள்" என்று. நல்ல எண்ணத்தில் போட்டதுதான், மற்ற வீடுகளை எச்சரிக்க வேண்டுமே. இரண்டு மணி நேரம் கழித்துச் செயின் தலையணை உறைக்குள் கிடைத்தது. போட்டவர் அழித்தார், மன்னிப்பும் கேட்டார், யாரிடம்? எங்களிடம். அந்த அக்கா குரூப்பிலேயே இல்லை. அதற்குள் போட்டோ பக்கத்துக் குடியிருப்பின் குரூப்புக்குப் போயிருந்தது. அங்கே அவர் செய்துகொண்டிருந்த இரண்டு வீட்டு வேலையும் அன்று மாலையே போனது. ஏன் நிறுத்தினார்கள் என்று அவருக்குத் தெரியவே மூன்று நாள் ஆனது.

குரூப்பில் சண்டை போடும் நாம் எல்லோரும் பதில் சொல்ல முடிகிறவர்கள். வேலை செய்யும் அம்மாக்கள், செக்யூரிட்டி, தூய்மைப் பணியாளர், டெலிவரி பையன்கள், விருந்தாளிகள், குழந்தைகள் ஆகியோரைப் பற்றித்தான் குரூப்பில் நிறையப் பேச்சு. அவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. அதனால் எங்கள் மூன்றாவது வரி வந்தது: இங்கே இல்லாதவரைப் பற்றி இங்கே புகாரும் வேண்டாம், படமும் வேண்டாம். செயலாளரிடம் நேரில் சொல்லுங்கள். திருட்டு என்றால் போலீஸ். சிசிடிவி காட்சிகளும் ஆதார் நகல்களும் இதில் அடக்கம்.

ஒன்பது வரியில் ஒன்றைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்துக்கென்று ஒரு வரி

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் பகுதி மூழ்கியது. கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இருபது சதவீதம், பவர்பேங்க் வைத்திருந்தவர் ராஜா. அந்த நேரத்தில் குரூப்பில் கொட்டியது என்ன தெரியுமா? செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள், இன்னும் இரண்டு மணி நேரத்தில் நம் தெருவுக்கு வருகிறது என்று ஒரு வீடியோ. அது 2015 வெள்ளத்தில் எடுத்தது. செம்பரம்பாக்கம் தண்ணீர் அடையாற்றில் போகும். எங்களுக்கு வரும் தண்ணீர் தெற்கே உள்ள ஏரிகள் நிரம்பிச் சதுப்புநிலம் வழியாக வருவது, ஒக்கியம் மடுவு என்ற கால்வாய் வழியாகத்தான் வடிய வேண்டும். இதை விளக்கி எழுதினால் படிக்க யாருக்கும் சார்ஜ் இல்லை. நடுவில், இரண்டாவது பிளாக்கில் இன்சுலின் வேண்டும் என்று ஒருவர் போட்டது மேலே போயே போய்விட்டது. அரை நாள் கழித்துத்தான் ஒருவர் கண்ணில் பட்டது.

வாட்ஸ்அப்பிலேயே இதற்கு ஒரு அடையாளம் இருக்கிறது. பல கை மாறி வந்த ஃபார்வர்டில் இரட்டை அம்புக்குறி இருக்கும், 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரே சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். எங்கள் விதி அதைப் பிடித்துக்கொண்டது: இரட்டை அம்பு இருந்தால் இங்கே வேண்டாம். நீங்கள் கண்ணால் பார்த்தது என்றால் இடமும் நேரமும் போட்டு எழுதுங்கள். "காலை 6.20, பின் கேட், முழங்கால் அளவு" என்ற ஐந்தாறு சொல் ஒரு மணி நேர டிவி செய்தியைவிட உதவும்.

மீறினால் என்ன

இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் வேண்டுகோள்தான்.

அட்மின் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. மெசேஜை அழிக்கலாம், குரூப் முழுவதையும் பூட்டி அட்மின் மட்டும் எழுதும்படி வைக்கலாம், ஆளை வெளியேற்றலாம். வெளியேற்றுவது நம் ஊரில் சின்ன விஷயமில்லை. "என்னைக் குரூப்பை விட்டுத் தூக்கிட்டாங்க" என்பது ஊர்விலக்கு மாதிரி வீடு வீடாகப் பேசப்படும். அதைவிட மோசம், தண்ணீர் வராது என்ற அறிவிப்பும் அவருக்குப் போகாது. அறிவிப்பு குரூப்பைத் தனியாக வைக்கச் சொன்னது இதற்காகத்தான். பேச்சு குரூப்பிலிருந்து ஒருவரைச் சில நாள் விலக்கலாம், அறிவிப்பிலிருந்து யாரையும் எப்போதும் விலக்கக் கூடாது. மெயின்டெனன்ஸ் கட்டாதவரையும் கூடாது, அந்தக் கணக்கு வேறு.

முதல் படி எப்போதும் தனி மெசேஜ். நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"சார் வணக்கம். நேற்று ராத்திரி நீங்கள் போட்டது இரண்டாவது வரியில் வருகிறது, பெயர் சொல்லவில்லை என்றாலும் எல்லோருக்கும் யாரென்று புரிகிறது. நீங்களே எடுத்துவிட்டால் நல்லது. தண்ணீர் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரிதான், அதை மட்டும் எழுதுங்கள், நான் செயலாளரைப் பதில் சொல்லச் சொல்கிறேன்."

எந்த வரி என்று எண்ணைச் சொல்லியிருக்கிறேன். அவரையே எடுக்கச் சொல்லியிருக்கிறேன், அட்மின் அழித்தால் இன்னார் அழித்தார் என்று அடையாளம் விழும், அது இன்னொரு சண்டை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதை ஒத்துக்கொண்டிருக்கிறேன். பத்தில் எட்டுப் பேர் எடுத்துவிடுவார்கள். ராத்திரி அனுப்பாதீர்கள், காலையில் அனுப்புங்கள். முடிந்தால் லிஃப்டில் பார்க்கும்போது வாயால் சொல்லிவிடுங்கள், அது இன்னும் உத்தமம்.

மறுபடியும் நடந்தால் குரூப்பில் விதியை மட்டும் மேற்கோள் காட்டி ஒரு நினைவூட்டல். மூன்றாம் தடவை, இரண்டு அட்மின்கள் சேர்ந்து முடிவெடுத்து ஏழு நாள் விலக்கல், காரணத்தையும் திரும்பச் சேர்க்கும் தேதியையும் அவருக்கு எழுதி. அந்தத் தேதியில் அவர் கேட்காமலே சேர்த்துவிட வேண்டும். நாம் மறந்துபோனால் அது ஏழு நாள் தண்டனையாக இருக்காது, பழிவாங்கலாகத்தான் தெரியும்.

யாரோ ஏதோ போட்டால் அட்மினைப் போலீஸ் பிடிக்குமா என்று புது அட்மின்களுக்கு ஒரு பயம் இருக்கும். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021-லும், கேரள உயர் நீதிமன்றம் 2022-லும் சொன்னது, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக உறுப்பினர் போட்டதற்கு அவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். அவரும் சேர்ந்து திட்டமிட்டிருந்தால் கதை வேறு. ஆகவே பயந்து நடுராத்திரியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

வெளியிடுவது

பொதுக்குழுக் கூட்டத்தில் வாய்விட்டுப் படியுங்கள், ஆட்சேபம் கேளுங்கள், தேதி போட்டு மினிட்ஸில் ஏற்றுங்கள். புதிதாகக் குடிவருகிறவருக்குக் கேட் ஸ்டிக்கர் கொடுக்கும்போதே ஒரு பிரிண்ட் கொடுத்துவிடலாம். வருஷம் ஒரு தடவை திருத்துங்கள். புது விதி ஒன்று சேர்த்தால் பழையது ஒன்று போக வேண்டும் என்று நாங்கள் வைத்திருக்கிறோம், இல்லையென்றால் மறுபடி 23-க்குப் போய்விடும்.

எங்கள் குரூப்பில் இப்போது இருப்பது இதுதான். அப்படியே எடுக்காதீர்கள், உங்கள் சண்டைகள் வேறாக இருக்கும்.

1. இந்தக் குரூப் தண்ணீர், மின்சாரம், பார்க்கிங், பாதுகாப்பு, பராமரிப்புக்கு. மற்றதற்கு அரட்டை குரூப் இருக்கிறது.
2. விஷயத்தைப் பற்றி என்றால் இங்கே, ஆளைப் பற்றி என்றால் அவரிடம் தனியாக.
3. இந்தக் குரூப்பில் இல்லாதவரைப் பற்றிப் புகாரோ படமோ இங்கே வேண்டாம். செயலாளரிடம் நேரில் சொல்லுங்கள்.
4. வண்டி மறித்தால் முதலில் செக்யூரிட்டி கேபின். 15 நிமிடம் கழித்தும் எடுக்கவில்லை என்றால் வண்டி எண்ணும் இடமும் மட்டும் இங்கே.
5. இரவு 10 முதல் காலை 6 வரை அவசரம் மட்டும். அவசரம் என்பது தீ, வெள்ளம், லிஃப்டில் ஆள் மாட்டுவது, உடல்நிலை, திருட்டு.
6. டைப் செய்ய முடியாதவர்கள் பேசி அனுப்பலாம், ஒரு நிமிடத்துக்குள்.
7. இரட்டை அம்பு ஃபார்வர்டு வேண்டாம். நேரில் பார்த்ததை இடம், நேரத்தோடு எழுதுங்கள்.
8. மீறினால் முதலில் தனியாகச் சொல்வோம், பிறகு இங்கே நினைவூட்டுவோம், பிறகு இரண்டு அட்மின்கள் சேர்ந்து முடிவெடுத்து ஏழு நாள் விலக்குவோம். அறிவிப்பு குரூப்பிலிருந்து யாரையும் விலக்க மாட்டோம்.
9. அட்மின் ஒரு கட்சியாக இருக்கும் தகராறில் அந்த அட்மின் முடிவெடுக்கக் கூடாது.

ஒன்பதாவது வரி இதுவரை இரண்டு தடவை பயன்பட்டிருக்கிறது. இரண்டு தடவையும் என் மேல்தான்.